நன்றியறிதலே பண்டிகை



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டது. பாளையத்துத் தேவாலயங்களின் முகப்பில் நட்சத்திர விளக்குகள் ஏறிவிட்டன. சாலைக் கம்போளத்தில் கால் வைக்க இடமில்லை. மாலை வேளையில் கீதபவனி செல்லும் சிறுவர்களின் குரல் ஒரு தெருவில் மலையாளத்திலும் மறு தெருவில் தமிழிலும் கேட்கிறது. நாகர்கோவிலுக்கும் வள்ளியூருக்கும் திருநெல்வேலிக்கும் செல்லும் நம்மவர் கூட்டம் நாளுக்கு நாள் பெருகுகிறது. பயணச்சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு உட்புறத்தில் அமர்ந்திருக்கும் அடியேனுக்குப் பண்டிகை வந்துவிட்டதென்பதை நாட்காட்டி சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் முகங்களே சொல்லிவிடும்.

அம்முகங்கள் யாவும் மலர்ந்த முகங்கள் என்று சொல்லுவதற்கில்லை. இரண்டே நாள் விடுமுறைதான் கிடைத்தது என்பார் ஒருவர். வண்டியில் இடம் கிடைக்கவில்லை என்பார் மற்றொருவர். பிள்ளைகளின் துணிமணிக்கே சம்பளம் போயிற்று என்பார் ஓர் அம்மையார். ஊரில் அண்ணன் தம்பிகள் மாடி வீடு கட்டிவிட்டார்கள், நாம் இங்கு வாடகை வீட்டிலேயே காலம் கழிக்கிறோம் என்னும் பெருமூச்சும் என் காதில் விழுவதுண்டு. இவற்றுள் ஒன்றும் பொய்யன்று. பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்க வந்தவர்களுக்குக் குறை இல்லாதிருக்க முடியுமா? ஆயினும், பண்டிகைக் காலத்திலே நெஞ்சில் முதலிடம் பெற வேண்டியது குறையா, நன்றியா என்னும் கேள்வியை இவ்வாண்டு நம் சங்கத்தார் முன் வைக்க விரும்புகிறேன். நம்முள் பல சமயத்தாரும் உளர். கிறிஸ்தவன் என்ற முறையில் என் வேதத்திலிருந்தும் வாழ்விலிருந்தும் சொல்லுகிறேன். கொள்ளத்தக்கதை அனைவரும் கொள்ளுக.

நம் தாய்மொழியில் இப்பொருளுக்கு வாய்த்திருக்கும் சொல்லே ஒரு போதனையாகும். இன்று நாம் ‘நன்றி’ என்பதை வாயுபசாரமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பழந்தமிழிலோ நன்றி என்பது பிறர் நமக்குச் செய்த நன்மையையும் குறிக்கும். அந்நன்மையை மறவாது உணர்வதற்குத்தான் ‘நன்றியறிதல்’ என்று பெயர். திருக்குறளில் 11-ஆம் அதிகாரம் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்னும் தலைப்பைத் தாங்கி நிற்பதை நாம் அறிவோம். ஆகவே, நன்றி என்பது நெஞ்சில் பொங்கி அடங்கும் ஓர் உணர்ச்சி மட்டுமன்று. அஃது ஓர் அறிவு. இன்னார் எனக்கு இன்னது செய்தார், அஃது இல்லையேல் நான் இன்று இந்நிலையில் இல்லை என்னும் அறிவு. உணர்ச்சி வரும், போகும். அறிவையோ தேடியும் எண்ணிப்பார்த்தும் வளர்க்கலாம்.

பரிசுத்த வேதமும் இவ்வழியே பேசுகிறது. குஷ்டரோகிகள் பதின்மர் சுகமடைந்த வரலாறு லூக்கா சுவிசேஷத்தின் 17-ஆம் அதிகாரத்தில் உள்ளது. சுகம் பெற்றவர் பத்துப் பேர். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன். அவனும் சமாரியன், அவ்விடத்தாருக்கு அந்நியன். மற்ற ஒன்பதின்மரும் கெட்டவர்கள் என்று வேதம் சொல்லவில்லை. அவர்கள் வழியோடு போய்விட்டார்கள், அவ்வளவே. அவனோ வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். அந்நிய நாட்டில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் ஒரு தனிப் பங்கு உண்டென்று நான் எண்ணுவது வழக்கம்.

உபாகமத்தின் 26-ஆம் அதிகாரத்தில் முதற்பலனைப் படைக்கும் முறை கூறப்பட்டிருக்கிறது. கூடையில் விளைபொருளைக் கொண்டுவருகிறவன், தன் உழைப்பைப் பற்றியோ வயலின் செழிப்பைப் பற்றியோ பேசித் தொடங்குவதில்லை. அலைந்து திரிந்த தகப்பன் ஒருவனின் பிள்ளை நான், எங்கள் முன்னோர் எகிப்தில் பரதேசிகளாயிருந்தனர் என்றே தொடங்க வேண்டும். பிழைக்க வந்த கதையை நினைவுகூர்தலே அங்கு நன்றியின் முதற்படி. படைத்தபின் அந்த நன்மையை அவ்விடத்துப் பரதேசியோடும் சேர்ந்து அனுபவிக்க வேண்டுமென்பது அதன் முடிவு.

எங்கள் தேரிக்காட்டு ஊரில் இதனைச் சிறுவயதிலேயே கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகை நடக்கும். வாழைக்குலை, தேங்காய், கருப்புக்கட்டி, முருங்கைக்காய்க் கட்டு, காலைக் கட்டிய சேவல் எனப் பலவும் ஆலயத்திற்கு வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடைபெறும். ஒரு கைம்பெண் தவறாது ஒரே ஒரு கோழிமுட்டையைக் கொண்டுவருவார். ஊர் இளைஞர் அம்முட்டையை ஏலத்தில் எடுப்பதும், எடுத்ததை மறுபடியும் காணிக்கையாகவே கொடுப்பதும், அது திரும்பவும் ஏலத்திற்கு வருவதுமாக ஒரே ஆரவாரமாயிருக்கும். முடிவில் வாழைக்குலையைவிட முட்டையே அதிகப் பணம் சேர்த்துவிடும். அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இவ்வளவும் அறிந்தவனாயிருந்தும், குறை சொல்லுவதில் நான் எவருக்கும் பின்னிற்பவனாக இருக்கவில்லை. அதையும் இங்கு மறையாது எழுதுகிறேன்.

2017-ஆம் ஆண்டு எனக்குத் தலைக் கிறிஸ்துமஸ். மாமனார் வீட்டில் விருந்துக்கு எல்லா ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. ஆனால், 24-ஆம் தேதி இரவும் மறுநாளும் எனக்கே முறைப்பணி என்று அட்டவணை வந்தது. எவர் மீதும் குற்றமில்லை. முறை அவ்வாறு விழுந்தது. இருந்தும் என் மனம் ஆறவில்லை. உடன் வேலை செய்வோரிடமும் சரியாக முகங்கொடுத்துப் பேசாமல் திரிந்தேன்.

அவ்வாண்டு நவம்பர் 29, 30 தேதிகளில்தான் ஒக்கிப் புயல் நம் தென்கடலைக் கலக்கியது. அதை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய இடங்களிலிருந்தும், எல்லைக்கு அப்பால் நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் முதலிய குமரி மாவட்டக் கரையூர்களிலிருந்தும் கடலுக்குச் சென்றிருந்தோர் பலர் திரும்பவில்லை. இரு மாநிலங்களிலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். காணாமற்போனோரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமென்று, டிசம்பர் 7-ஆம் தேதி அம்மக்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்தில் திரண்டு தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். மணிக்கணக்கில் போக்குவரத்து தடைப்பட்டது. நாங்கள் இங்கே சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு, பயணிகளின் ஏச்சையும் வாங்கிக்கொண்டிருந்தோம். ‘என் வேலை நேரம் நீண்டுபோயிற்றே’ என்பதுதான் அன்று என் நெஞ்சில் எழுந்த முதல் எண்ணம். தந்தையையும் மகனையும் கடலில் தேடுவோர் அங்கே தண்டவாளத்தில் அமர்ந்திருக்க, நான் இரண்டு மணி நேரத்திற்காக முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

நிற்க. பயணச்சீட்டு எழுத்தர்களுக்கு ஒரு விதி உண்டு. பணியில் அமருமுன் எங்கள் சட்டைப்பையிலுள்ள சொந்தப் பணம் எவ்வளவு என்பதை அதற்கென உள்ள பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பணி முடிகையில் அத்தொகைக்கு மேல் கையிலிருப்பது ஒரு காசாயினும் எங்களுடையதன்று. பணப்பெட்டி நிரம்பி வழிந்தாலும் அதில் நமக்கு உரிமையில்லை.

அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்கு ஓரிரு நாள் முன்னர், கரையூர்ப் பெரியவர் ஒருவர் இளைஞன் ஒருவனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு என் ஜன்னலருகே வந்தார். நகரத்து மருத்துவமனையிலிருந்து திரும்புகிறார்கள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. குழித்துறைக்கு இரண்டு சீட்டு கேட்டார். பாசஞ்சர் வண்டிக்கு அந்நாளில் ஆளுக்குப் பத்து ரூபாய். மடியை அவிழ்த்துத் தேடினார்; ஒரு பத்து ரூபாய்த் தாள்தான் இருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். நான் என் சொந்தப் பணத்திலிருந்து பத்து ரூபாயைப் போட்டு இரண்டு சீட்டையும் கொடுத்தேன். பெருங்கருணையால் செய்தேன் என்று சொல்லமாட்டேன். வரிசை நகர வேண்டுமே என்றும் செய்தேன். அன்றே மறந்தும் போனேன்.

ஜனவரி மாதத்தில் ஒரு நாள் அதே பெரியவர் வந்து நின்றார். முந்திய வாரமும் வந்து என்னைத் தேடினார் என்றும், அன்று எனக்கு ஓய்வு நாளாதலால் திரும்பிப் போனார் என்றும் உடன் பணிபுரியும் நண்பர் சொன்னார். பத்து ரூபாய்த் தாளை ஜன்னல் வழியாக நீட்டி, “மக்களே, இது உனக்குத் தரவேண்டியது” என்றார். “வேண்டாம் ஐயா” என்றேன். “எடுத்துக்கோ. அன்னிக்கு இவனை வீட்டில் கொண்டு சேர்த்தாயே” என்றார். கூடவே தாளில் சுற்றிய கருவாட்டுப் பொதி ஒன்றும் இருந்தது. வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், “வீட்டில் எல்லாரும் சுகந்தானா?” என்று கேட்டுவிட்டேன். “இவன் வந்துட்டான். மூத்தவன் வரல்லே” என்றார். அவ்வளவே. இளையவனுக்கு மருத்துவமனையில் மறுபரிசோதனை இருக்கிறதென்று சொல்லி நடந்துவிட்டார்.

மூத்த மகனைக் கடலுக்குக் கொடுத்த மனிதர், பத்து ரூபாய்க்காக இருமுறை என்னைத் தேடி வந்தார். மனைவி, பெற்றோர், உத்தியோகம் ஆகிய எல்லாம் குறைவற இருந்தும், ஒரு விருந்து தவறியதற்காக ஒரு மாதம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவன் நான். அன்றிரவு சொந்தப் பணப் பதிவேட்டைப் பார்க்கையில் ஓர் எண்ணம் தோன்றிற்று. இவ்வுலகில் பணியேற்க வந்த நாளில் என் கையில் இருந்தது எவ்வளவு? ஒன்றுமில்லை. அப்படியாயின், இன்று என்னிடமிருப்பவை எல்லாம் பிறர் போட்டவை அன்றோ? போட்டவர் யார் யார்? அவர்களுள் எத்தனை பேரைத் தேடிப் போனேன்?

உடனே நினைவுக்கு வந்தது ஒரு முகம். நான் வேலைக்கு வந்த முதல் ஆண்டில், ஓட்டுவீடொன்றின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மையார் மலையாளி; வேறு சமயத்தார். எனக்கு மஞ்சட்காமாலை கண்டு படுக்கையில் விழுந்தபோது, இரண்டு வாரத்திற்கு மேலாகக் கஞ்சி காய்ச்சி, பத்தியம் பார்த்து, பெற்ற தாயைப்போல் காத்தவர் அவர். பின்னர் வேறிடத்தில் வீடு கிடைத்ததும், சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மாத வாடகையைச் சரியாகத் தீர்த்தேன். அதுவே கணக்கு முடிந்தது என்று எண்ணினேன். ஒரே நகரத்தில் இருந்தும் அதன்பின் ஒருமுறையும் அவ்வாசலை மிதிக்கவில்லை. ஒன்பதின்மரில் நானும் ஒருவன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஒரு பொதி கேக்கும் பழமும் வாங்கிக்கொண்டு போனேன். அம்மையார் திண்ணையில் அமர்ந்திருந்தார். வணங்கி, என் பெயரையும் காமாலை கண்ட கதையையும் சொன்னேன். அவர் புன்னகைத்தவாறு கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து வந்த மகள், “அம்மாவுக்கு இப்போது ஆள் தெரிவதில்லை” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நான் சொல்ல வந்த நன்றி போய்ச் சேர இடமில்லாமல் நின்றுவிட்டது. சிறிது நேரம் உட்கார்ந்திருந்து எழுந்தேன். அப்போது அந்த அம்மையார் என் கையைப் பிடித்து, “மோனே, ஊணு கழிச்சோ?” என்று கேட்டார். அன்று நோயில் கிடந்தபோது நாள்தோறும் கேட்ட அதே கேள்வி. ஆளை மறந்தவர் அன்பை மறக்கவில்லை. ஆளை அறிந்திருந்த நானோ அன்பை மறந்திருந்தேன். நன்றிக்கும் நேரம் உண்டென்பதை அன்று கற்றேன். வண்டி புறப்பட்ட பின்னர் நடைமேடையில் ஓடுவதில் பயனென்ன?

அன்பர்களே, நன்றியுள்ள நெஞ்சம் நிறைவிலிருந்து பிறப்பதன்று என்பதற்கு உலக வரலாற்றிலும் சான்றுகள் உண்டு. 1620-ஆம் ஆண்டு ‘மேஃபிளவர்’ கப்பலில் அமெரிக்கக் கரைக்குச் சென்று குடியேறியவர் ஏறத்தாழ நூறு பேர். முதற் குளிர்காலத்திலேயே அவர்களில் பாதிப்பேர் இறந்துபோயினர். எஞ்சியோர் அம்மண்ணின் பூர்வகுடிகளிடம் சோளம் பயிரிடக் கற்று, 1621-இல் அறுவடை செய்து அவர்களோடு சேர்ந்து விருந்துண்டனர். பிற்காலத்தில் ஆபிரகாம் லிங்கன் நவம்பர் மாதத்துக் கடைசி வியாழனை நாடு தழுவிய நன்றியறிதல் நாளாக அறிவித்தது 1863-இல். உள்நாட்டுப் போரில் சகோதரர் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த ஆண்டு அது. மகிழ்ச்சியைப் பற்றியே பேசும் பிலிப்பியர் நிருபத்தைப் பவுல் அப்போஸ்தலர் எழுதியதும் சிறைக்காவலில் இருந்துதான்.

அவ்வளவு தூரம் செல்லவும் வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய கரையூர்களின் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர்ப் பக்கம் விரைந்தார்கள். ஒக்கி வந்துபோய் ஒன்பது மாதங்கூட ஆகவில்லை. துக்க வீடுகளில் கண்ணீர் காய்ந்திருக்கவில்லை. கடலையே அறிந்த அவர்கள், தென்னந்தோப்புக்களுக்கும் வீட்டுக் கூரைகளுக்கும் இடையே படகோட்டிப் பல்லாயிரம் பேரைக் கரைசேர்த்தனர். படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ரூ. 3000 தருவதாக அரசு அறிவித்தபோது, உயிர் காத்ததற்குக் கூலி வேண்டாமென்று மறுத்தவர்களும் அம்மீனவரிடையே இருந்தனர். பத்து ரூபாயைத் திருப்பித் தர வந்த பெரியவரையே நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

இங்கு ஓர் எச்சரிக்கை. துக்கத்தில் இருப்பவரிடம் சென்று, ‘நன்றி செலுத்து’ என்று பிரசங்கிக்கலாகாது. புயலுக்காக நன்றி சொல்லும்படி அப்பெரியவரிடம் எவர் கூற முடியும்? தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல், எந்த நிலைமையிலும் நன்றி உடையோராயிருக்கச் சொல்லுகிறார். கண்ணீரை மறைக்கும்படி அவர் சொல்லவில்லை. உரோமர் நிருபத்தில் அழுகிறவரோடு அழும்படியே கற்பிக்கிறார். ‘மூத்தவன் வரல்லே’ என்ற வாயே ‘இவன் வந்துட்டான்’ என்றும் சொல்லிற்று. இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கூடிய நெஞ்சமே நன்றியுள்ள நெஞ்சம்.

இந்நெஞ்சத்தை வளர்க்கும் வழிகள் அரியனவல்ல. முதலாவது, இப்பண்டிகை முடியுமுன் நமக்கு உதவியவர் ஒருவரையேனும் நேரில் சென்று காண்போம். ஊரிலிருக்கும் பழைய ஆசிரியராயின் கடிதம் எழுதுவோம். ‘நன்றி’ என்று மட்டும் சொல்லாமல், அவர் செய்தது இன்னதென்று எடுத்துச் சொல்லுவோம். காலந் தாழ்த்த வேண்டாம்.

இரண்டாவது, பிடியரிசி. உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்துவைக்கும் வழக்கம் நம் பாட்டிமாருக்குத் தெரிந்ததே. 2014-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா அடிகள் (1805–1871) இதே கேரளத்தில் ஏழை மாணவரின் மதிய உணவுக்குப் பிடியரிசி சேர்க்கச் செய்தார். மிசோரத்துப் பெண்கள் நூறாண்டுகளுக்கு மேலாக இவ்வழக்கத்தால் தங்கள் திருச்சபையின் பணிகளைத் தாங்கி வருகிறார்கள். ஒரு பிடி குறைந்ததனால் எந்த வீட்டிலும் பசி வந்ததில்லை. ஆனால் அடுப்படியில் நாள்தோறும் ஒருமுறை, ‘இது முழுதும் என்னுடையதன்று’ என்று கை அறிந்துகொள்ளுகிறது.

மூன்றாவது, பண்டிகையன்று நமக்காக வேலை செய்வோரை மறவாதிருப்போம். தெருக் கூட்டுவோர், செவிலியர், பேருந்து ஓட்டுநர், காவலர் ஆகியோருக்கும் வீடு உண்டு. அங்கே இலை போட்டுக் காத்திருப்போரும் உண்டு. ஒரு துண்டுக் கேக்கும் ஓர் அன்புச் சொல்லும் அவர்களுக்கு எவ்வளவு என்பதை, ஜன்னலுக்கு உட்புறமிருப்பவன் அறிவேன்.

நான்காவது, பண்டிகை விருந்தின்போது பிள்ளைகளுக்கு நாம் பிழைக்க வந்த கதையைச் சொல்லுவோம். முதல் நாள் எந்த வண்டியில் வந்தோம், யார் திண்ணை கொடுத்தார், யார் கடன் கொடுத்தார் என்பவற்றைப் பெயரோடு சொல்லுவோம். அப்பெயர்களில் மலையாளிகளும் இருப்பர், தமிழரும் இருப்பர். எல்லாச் சமயத்தாரும் இருப்பர். அந்தப் பட்டியலைக் கேட்டு வளரும் பிள்ளை, அயலாரை வெறுக்கக் கற்காது.

பெத்லகேமுக்குப் பெயர் பதிய வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்றிற்குச் சத்திரத்தில் இடமில்லாமற் போயிற்று. அக்குழந்தையை முன்னணையில்தான் கிடத்தினார்கள். அந்தப் பாலகனை வணங்கும் நாம், நமக்கு இடங்கொடுத்தவர்களை மறக்கலாமா?

இவ்வாண்டும் 24-ஆம் தேதி இரவு எனக்கே முறைப்பணி விழுந்திருக்கிறது. மனைவியும் பிள்ளையும் முன்னதாகவே ஊருக்குப் போகிறார்கள். வருத்தமில்லை என்றால் பொய்யாகும். ஆனால் அன்று பதிவேட்டில் சொந்தப் பணத்தை எழுதுகையில், அந்தப் பத்து ரூபாயையும் சேர்த்தே எழுதுவேன். அத்தாளை நான் இதுவரை செலவழிக்கவில்லை.

சங்கக் குடும்பத்தார் அனைவருக்கும் கிறிஸ்து பிறப்பின் நல்வாழ்த்துக்களும் புத்தாண்டு வாழ்த்துக்களும் உரியனவாகுக.